தண்ணி குடுத்தது யாரு?

அண்ணன் செத்தப்புறம் எங்கம்மா தண்ணி குடிக்கிறத நிறுத்திடுச்சு. அதுக்குத்தான் இத்த எய்துறேன். அண்ணன் செத்தத யார்கிட்ட சொன்னாலும், "அய்யோ பாவம், கல்யாணம் பண்ற வயசு"ன்னு உச்சு கொட்டிட்டு அடுத்த பேச்சுக்கு பூடறாங்க. அம்மா தண்ணி குடிக்காதத சொன்னா மட்டும் நின்னு கேட்டாங்க. "சுத்தமாவா குடிக்கல?"ன்னு, இன்னாமோ சர்க்கஸ் பாக்குற மாதிரி.

சுத்தமா குடிக்காம இல்ல. படுக்கறதுக்கு முன்னால ஒரு முழுங்கு குடிக்கும், மருந்து முழுங்குற மாதிரி கண்ண மூடிக்கினு. சோத்துல ஊத்துன கொயம்பு, காலைல ஒரு வாய் கஞ்சி, அவ்ளோதான். வெயில்ல நாத்து நடப்போவும். கூட நடற பொம்பளைங்க சொம்ப நீட்டுனா வாங்கும், வாங்கி வரப்புல ஊத்திட்டு சொம்ப திருப்பி குடுக்கும். ஒரு நாள் சேத்துலயே சாஞ்சிடுச்சு. ஆட்டோல போட்டு ஊசி போடுற எடத்துக்கு தூக்கினு போனோம். அங்க கையில ட்ரிப் ஏத்தினாங்க. வாய் வயியா எறங்காத தண்ணி ஊசி வயியா எறங்கிக்கினு இருந்துச்சு. அங்க இருந்தவங்க சொன்னாங்க, "இப்டியே வுட்டீங்கன்னா கிட்னி பூடும்மா"ன்னு. அப்பா நாங்க சின்னதா கீறப்பவே பூட்டாரு. அண்ணனும் பூட்டான். அம்மாவும் பூட்டா வூட்ல நான் மட்டும்தான்.

இன்னா நடந்துச்சுன்னு சொல்றேன்.

அறுப்பு சீசன்ல எங்க பக்கம் ரோட்டுல பாதி நெல்லா கெடக்கும். சாலவாக்கத்துக்கு போற ரோட்டுல நீங்க வந்திருந்தா பாத்திருப்பீங்க. தாரு சூட்டுல சீக்கிரம் காயும்னு கொட்டி பரப்பிடுவாங்க. வண்டி எதுனா நெல்லு மேல ஏறக்கூடாதுன்னு ஓரத்துல வரிசையா கல்லு வெப்பாங்க. சின்ன கல்லு இல்ல, ஆட்டுக்கல்லு சைஸ்ல பாறாங்கல்லு. வெளக்கு கெடையாது, ஒரு செவப்பு துணி கூட கெடையாது. நெல்லு நசுங்கக்கூடாது, அவ்ளோதான் அவங்களுக்கு. மனுசன் நசுங்குனா பரவால்ல.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம. எனக்கு கம்பெனி லீவு. நான் ஷூ கம்பெனில சோல் ஒட்டற வேல செய்றேன், எட்டாவதோட படிப்ப நிறுத்திட்டேன். அம்மா நெல்லுக்காரர்கிட்ட கூலிக்கு நெல்லு தள்ளுற வேலைக்கு போயிருந்துச்சு. காலால கோடு போட்டுக்கினே நெல்ல கிளறி வுடணும், அந்த வேல. சாய்ங்காலம் அண்ணன் பைக்ல வந்தான், பின்னாடி அவன் கூட்டாளி. எதுக்கால பஸ்ஸு வந்துச்சு. அண்ணன் ஒதுங்குனான். ஒதுங்குற எடத்துல கல்லு. முன் சக்கரம் மோதி, ஹேண்டில் பார் திரும்பி அவன் வயித்துல குத்துச்சு. கூட்டாளி தூக்கி அடிச்சு, தல பொளந்துக்குச்சு. எல்லாம் அம்மா கண்ணு முன்னால.

யாரோ வந்து சொல்லி நான் ஓடசொல்லோ அண்ணன் எயுந்து நின்னுக்கினு இருந்தான். சட்டைல ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. கூட்டாளிக்குத்தான் மூஞ்சி ஃபுல்லா ரத்தம்.

"மச்சான், நெல்லு மேல ரத்தம் வுடாதடா. நெல்லுக்காரரு எங்கம்மா கூலில புடிச்சுக்குவாரு"ன்றான் அண்ணன்.

"டேய் எரும, உன் மூஞ்சிக்கு வண்டி ஒரு கேடா"ன்றான் அவன், தலைய துண்டால அமுக்கிக்கினு.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உசுரு தப்பிச்சிட்டானுங்கன்ற சிரிப்பு. அப்ப அண்ணன், "எம்மா, தண்ணி குடு"ன்னான். அம்மா பழைய கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல தண்ணி ரொப்பி, ஈரத்துணி சுத்தி வெச்சிருக்கும், சில்லுனு இருக்கும்னு. அத்த குடுத்துச்சு. அடிபட்டவன் தண்ணி கேட்டா எங்க ஊர்ல யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. மொதல்ல தண்ணி, அப்புறம்தான் மத்ததெல்லாம். பாதி பாட்டில் குடிச்சான்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. கூட்டாளிய படுக்க வெச்சாங்க, கட்டு போட்டாங்க. வண்டில வந்தவரு அண்ணன பாத்து, "உனக்கு எங்கப்பா அடி?"ன்னாரு. "ஹேண்டில் பாரு வயித்துல இடிச்சுதுணா. பரவால்ல"ன்னான். சைடு சீட்ல உக்கார வெச்சாங்க. நாங்களும் ஏறிக்கினோம். போவசொல்லோ, "பாப்பா, இந்த தோளு வலிக்குதுடி, அமுக்கு"ன்னான். எடது தோளு. வியுந்ததுல சுளுக்கிக்கினு இருக்கும்னு நானும் அமுக்கிக்கினே வந்தேன்.

மொதல்ல போன ஆஸ்பத்திரி பேர எய்த மாட்டேன். எய்துனா அங்க வேல செய்றவங்க நாலு பேர மாத்துவாங்க, வேற நாலு பேரு வருவாங்க. அங்க டூட்டி டாக்டர் ஒருத்தருதான். கூட்டாளி தலைல தையல் போட்டுக்கினு இருந்தாரு. பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு பிரசவ வலில கத்திக்கினு இருந்துச்சு. அண்ணன பிளாஸ்டிக் சேர்ல உக்கார சொன்னாங்க. ஃபேனுக்கு கீய.

உக்காந்தவனுக்கு வேர்த்து ஊத்துது. கைய புடிச்சா ஐஸு. "இன்னாடி, ஏசி கீசி போட்டு வெச்சிருக்கானுங்களா?"ன்னு என்ன பாத்து சிரிச்சான். ஒதடு வெளுத்து கெடந்துச்சு. நான் போய், "சிஸ்டர், எங்கண்ணனுக்கு ஒரு மாதிரி கீது, கொஞ்சம் வந்து பாருங்க"ன்னேன்.

"தல பொளந்தவன பாத்துக்கினு இருக்கோம், தெரியல? உங்க அண்ணன் சேர்ல உக்காந்துதான இருக்கான்?"

திரும்பி வந்தேன். அண்ணன் மறுபடியும் தண்ணி கேட்டான். அம்மா பாட்டில எடுத்து வாய்ல வெச்சுது. அப்பத்தான் அந்த சிஸ்டர் வந்து பாத்துச்சு.

"யாரு தண்ணி குடுத்தது? ஏம்மா, அறிவு கீதா உனக்கு? அடிபட்டவனுக்கு தண்ணி குடுத்து கொல்லப் பாக்குறியா?"

அந்த ஹாலே கேட்டுச்சு. கூட்டாளி வூட்டுக்காரங்க கேட்டாங்க. நெல்லுக்காரரோட டிரைவர் பாக்க வந்திருந்தாரு, அவரும் கேட்டாரு. அம்மா பாட்டில மூடி மடியில வெச்சுக்குச்சு. அண்ணன் அப்டியே சேர்லேர்ந்து சரிஞ்சான்.

அதுக்கப்புறம் எல்லாரும் ஓடுனாங்க. அதுக்கப்புறம்தான். டாக்டர் கையில நூலோட ஓடியாந்தாரு. வயித்த தொட்டு, "பலக மாதிரி கீதே"ன்னாரு. ரெண்டு கையிலயும் ட்ரிப் போட்டாங்க. ஸ்கேன் மிஷின் கீது, பாக்குறவரு இல்ல. ரத்தம் வெக்கிற பொட்டி கீது, ரத்தம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எய்தி குடுத்தாங்க. எங்கள எறக்கி வுட்ட ஆம்புலன்ஸ் வேற கேஸுக்கு பூட்டுச்சு. இன்னொரு வண்டி வர வரைக்கும் அண்ணன் அங்கயே கெடந்தான்.

ரெண்டாவது வண்டில போவசொல்லோ அண்ணனுக்கு பாதி நெனப்புதான். "தண்ணி... மா... தண்ணி"ன்னான். பாட்டில் அம்மா மடியிலதான் இருந்துச்சு. பாதி தண்ணி இருந்துச்சு. அம்மா ரெண்டு கையாலயும் பாட்டில அமுக்கி புடிச்சுக்கினு, "இல்ல கண்ணு, குடுக்கக்கூடாதாம் கண்ணு. டாக்டர் பாத்ததும் குடுக்குறேன் கண்ணு"ன்னு சொல்லிக்கினே வந்துச்சு. அவன் கேட்டுக்கினே வந்தான். அப்புறம் கேக்கறத நிறுத்திட்டான்.

பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி, நெஞ்ச அமுக்கி பாத்துட்டு, கைய விரிச்சுட்டாங்க.

வாய்க்கரிசி போட அம்மாவ கூட்டாந்தாங்க. கைல அரிசி வெச்சுக்கினு நின்னுச்சு, போடல. "இந்த வாய்ல இனிமே நான் எத்தையும் போட மாட்டேன்"னு சொல்லிட்டு உள்ள பூடுச்சு. போட்டோ முன்னால சொந்தக்காரங்க ஒரு கிளாஸ் தண்ணி வெச்சாங்க. அம்மா அத்த தட்டி வுட்டுடுச்சு. அன்னைக்கு நிறுத்துனதுதான்.

எங்க காலனி ஆளுங்க நாலஞ்சு பேரு நெல்லுக்காரர்கிட்ட போய், "ரோட்டுல கல்லு வெச்சது நாயமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு அந்தாளு சொன்னது, "கல்லுல வியுந்தவன் எயுந்து நின்னு கிண்டல் பண்ணிக்கினு இருந்தான்யா. ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாங்க, தண்ணி குடுத்ததாலதான் செத்தான்னு. என் டிரைவர் காதால கேட்டான். அவங்க அம்மாவ போய் கேளுங்க." போனவங்க தலைய தொங்க போட்டுக்கினு திரும்பி வந்தாங்க. அதோட ஊர் ஃபுல்லா அதான் பேச்சு. தண்ணி புடிக்கிற எடத்துல, ரேஷன் கடைல, என் கம்பெனி வேன்ல கூட. "அவங்க அம்மா தண்ணி குடுத்துட்டாங்களாமே?" கல்ல யாரும் பேசல. ரத்தம் இல்லாதத யாரும் பேசல. ஞாயித்துக்கெழமன்னா ஸ்கேன் பாக்க ஆளு இல்லாதத யாரும் பேசல. அதெல்லாம் பேசுனா யார போய் கேக்கறது? எங்கம்மாவ கேக்கறது ஈஸி. அது திருப்பி பேசாது.

அந்த நெலமைலதான், அடுத்த போக அறுப்பு நேரத்துல, ஒரு டாக்டரம்மா எங்க வூட்ட தேடிக்கினு வந்துச்சு. சின்ன வயசு. பெரிய ஆஸ்பத்திரில அடிபட்டவங்களுக்கு ஆபரேஷன் பண்ற பிரிவாம். ஆராய்ச்சி பண்ணுதாம்.

"அடிபட்டு எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள எறந்து போறவங்களோட வீட்டுக்கு போயி பேசறேன். எங்க எங்க நேரம் வீணாச்சுன்னு தெரிஞ்சாதான் அடுத்த ஆளையாவது காப்பாத்த முடியும். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்ல வேணாம்"னுச்சு.

அம்மா, "கேளும்மா"ன்னுச்சு. நான் பல்ல கடிச்சுக்கினு உக்காந்திருந்தேன். எங்க வியுந்தான், யாரு தூக்குனாங்க, எவ்ளோ நேரம் ஆச்சு, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அது போன்ல தட்டிக்கினே வந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு, "அடிபட்டதும் வாய்ல ஏதாவது குடுத்தீங்களா?"

அம்மா எயுந்து பின்பக்கம் பூடுச்சு.

எனக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ. "எயுந்துருங்க மேடம். எயுந்து போங்க. நீங்களும் அதத்தான் கேக்க வந்தீங்களா? கல்லு எவன் வெச்சான்னு உங்க போன்ல கேள்வி கீதா? சிஸ்டர் வந்து பாக்காதது கீதா? ரத்தம் ஏன் இல்லன்னு கீதா?"

"ரத்தம் பத்தி இருக்கு"ன்னுச்சு. கொரல் எறங்கிடுச்சு அதுக்கு. "கல்லு பத்தி இல்ல."

"அப்ப இத்த சொல்லிட்டு போங்க. தண்ணி குடுத்ததாலதான் எங்கண்ணன் செத்தானா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க."

"அப்படி நூறு பர்சென்ட்டா எதையும் சொல்ல முடியாதும்மா. பொதுவா..."

"அந்த சிஸ்டரு நூறு பர்சென்ட்டாத்தான மேடம் சொன்னாங்க? அவங்களுக்கு மட்டும் எப்டி முடிஞ்சுது? படிச்சவங்க கொற சொல்லசொல்லோ நூறு. எங்களுக்கு ஆறுதலா ஒரு வார்த்த சொல்லணும்னா மட்டும் பர்சென்ட்டு பாப்பீங்களா? எங்கம்மா தண்ணி குடிக்காம சாவுது. வந்து பாருங்க, ஒதட்ட பாருங்க, வெடிச்சு கெடக்கு. இத்த எய்துங்க உங்க ஆராய்ச்சில!"

அக்கம்பக்கத்துல எட்டி பாத்தாங்க. பாக்கட்டும்னு வுட்டுட்டேன். அந்த டாக்டரம்மா போன ஆஃப் பண்ணி பையில போட்டுச்சு. அப்புறம் எயுந்து, போவும்னு நெனச்சேன், போவல. பின்பக்கம் போயி, தொவைக்கிற கல்லு மேல உக்காந்திருந்த அம்மா பக்கத்துல கீய மண்ணுலயே உக்காந்துச்சு.

"அம்மா, உங்க புள்ளைக்கு வயித்துக்குள்ள மண்ணீரல் கிழிஞ்சு போச்சு. போஸ்ட்மார்ட்டத்துல பாத்தோம். வயிறு முழுக்க ரத்தம். உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லலம்மா. மண்ணீரலா?"

"ஆட்டுல சுவரொட்டின்னு சொல்வாங்களே, அது."

அம்மா என்ன பாத்துச்சு. எனக்கு ரத்தம் கம்மின்னு மாசா மாசம் கறிக்கடைல சொல்லி வெச்சு சுவரொட்டி வாங்கியாந்து சுட்டு குடுக்கும். அண்ணன் அதுல பாதிய புடுங்கி தின்னுடுவான்.

"உள்ள ரத்தம் கொட்டிட்டே இருந்திருக்கு"ன்னுச்சு டாக்டரம்மா. "எடது தோள் வலிச்சுதுன்னு பாப்பா சொல்லுச்சு இல்ல? அது அந்த கிழிசலோட வலி. வேர்த்தது, கை சில்லுனு ஆனது, தாகம் எடுத்தது, எல்லாமே ரத்தம் போறதுக்கு அடையாளம். வெளிய காயம் இருந்தா எல்லாரும் ஓடி வந்துடுவோம். உள்ள கிழிஞ்சத தேடித்தான் கண்டுபிடிக்கணும். தேடல. தேடுன பிறகும் ரத்தம் இல்ல."

"அப்ப தண்ணி?"

"அடிபட்டவங்களுக்கு தண்ணி குடுக்க வேணாம்னு நாங்க சொல்றது உண்மைதாம்மா. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கும்போது வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குள்ள போயிடும். அதுக்காகத்தான் அந்த கேள்வி."

"மேடம்"ன்னேன் நான். "அவன் ஆபரேஷன் வரைக்கும் போவவே இல்லியே. எவன் மயக்க மருந்து குடுத்தான்?"

"அதான். அவர் நல்லா நெனவா இருக்கும்போது குடுத்தீங்க, அவரே முழுங்கியிருக்கார். அந்த தண்ணியால சாகலம்மா. ரத்தம் போயி செத்தார்."

நான் எதிர்பாத்தது ஒண்ணு, அம்மா கேட்டது வேற.

"வண்டில வரசொல்லோ கேட்டான்மா. நான் குடுக்கல. பாட்டில் மடிலதான் இருந்துச்சு. அப்ப குடுத்திருக்கலாமா?"

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. இத்தன நாளும் குடுத்த தண்ணிய நெனச்சு அம்மா குடிக்காம இல்ல. குடுக்காத தண்ணிய நெனச்சு.

டாக்டரம்மா கண்ணு ரெண்டும் செவந்துடுச்சு. பொய் சொல்லிடும்னு நெனச்சேன், சொல்லணும்னும் நெனச்சேன். அது சொல்லல. "பாதி மயக்கத்துல இருக்கும்போது குடிக்க குடுக்கக்கூடாதும்மா. ஆனா துணிய நனைச்சு ஒதட்ட ஈரம் பண்ணியிருக்கலாம். அத உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும். வண்டில இருந்தவங்களாவது சொல்லியிருக்கணும்."

"ஒதட்ட நனச்சிருக்கலாமா?"

"நனைச்சிருக்கலாம்மா."

"ஈரத்துணி பாட்டில் மேலயேதாம்மா சுத்தி இருந்துச்சு."

அண்ணன் செத்தப்புறம் அம்மா அன்னைக்குத்தான் மொத மொத அயுதுச்சு. தெருவே வந்து நின்னுச்சு. டாக்டரம்மா அம்மா கைய புடிச்சுக்கினு உக்காந்திருந்துச்சு. போவசொல்லோ என்கிட்ட, "இத நான் எழுதுவேன்மா, கல்ல பத்தியும் எழுதுவேன்"னு சொல்லுச்சு. எய்தட்டும். அது நல்ல பொண்ணுதான், மண்ணுல உக்காந்துச்சு. ஆனா அந்த பொட்டில ரத்தம் வரட்டும், ஞாயித்துக்கெழம ஸ்கேன் பாக்க ஒரு ஆளு உக்காரட்டும், அன்னைக்கு நம்புறேன்.

மறுநாளு நான் வேனுக்கு கெளம்பிக்கினு இருக்கேன், அம்மாவ காணோம். பாட்டிலயும் காணோம். தேடிக்கினு ரோட்டுக்கு ஓடுனேன். அதே எடத்துல அதே நெல்லுக்காரரு நெல்லு கொட்டி இருந்தாரு. கல்லும் வரிசையா கீது. அம்மா பொடவைய இயுத்து சொருவிக்கினு, குனிஞ்சு ஒவ்வொரு கல்லா உருட்டி பள்ளத்துல தள்ளிக்கினு இருந்துச்சு.

நெல்லுக்காரரு பைக்க நிறுத்திட்டு கத்துனாரு. "ஏய், இன்னா பண்ற? பைத்தியம் புடிச்சிக்கிச்சா? தண்ணி குடுத்து புள்ளைய கொன்னுட்டு என் கல்லு மேலயா காட்ற?"

அம்மா நிமுந்துச்சு. எங்கம்மா அந்தாள 'வாங்க போங்க' இல்லாம பேசி நான் கேட்டதே இல்ல.

"ஆமாய்யா, தண்ணி குடுத்தவ நான்தான். என் புள்ள கேட்டான், குடுத்தேன். கல்லு வெச்சவன் நீ. அந்த சிஸ்டர் சொன்னத நம்பித்தான் கடைசில என் புள்ளைய நாக்கு வறள அனுப்புனேன். இனிமே என்னைய எவனும் கேக்கக்கூடாது, தண்ணி குடுத்தது யாருன்னு. கல்லு வெச்சது யாருன்னு கேளுங்க."

"இனிமே என் கழனில உனக்கு வேல கெடையாது, தெரிஞ்சுக்கோ."

"உன் கழனிய நீயே கட்டிக்கினு அயு."

சொல்லிட்டு ரோட்டு ஓரத்துல உக்காந்துச்சு. மூச்சு வாங்குது, மூஞ்செல்லாம் வேர்வ. பாட்டில எடுத்துச்சு. அதே பாட்டிலு, அதே துணி. மொதல்ல துணிய ஒதட்டுல வெச்சு அமுக்கிக்குச்சு. அப்புறம் தலைய தூக்கி, அந்தாளு பாத்துக்கினு இருக்கசொல்லோவே, மடக்கு மடக்குனு குடிச்சுது. தண்ணி கயுத்துல வயிஞ்சு ஜாக்கெட்டு நனஞ்சுது. பாதில நிறுத்தி என்கிட்ட நீட்டுச்சு. "குடி"ன்னுச்சு. குடிச்சேன்.

அதுக்கு மறுநாளு கல்லெல்லாம் திரும்ப ரோட்டுக்கு வந்துடுச்சு. ஆளு வுட்டு தூக்கி வெச்சிருக்காரு. வேன் ஹாரன் அடிச்சுக்கினே நின்னுச்சு. போவ சொல்லிட்டு, நானும் பொடவைய சொருவிக்கினு அம்மா கூட போனேன்.